சிரிப்பு இருந்த டேக்

அன்புள்ள ஐயா,

ஒரு பழைய நகைச்சுவைப் படத்தை அப்பாவோடு திரும்பப் பார்த்தேன். சாப்பாட்டு மேசைக் காட்சியில் நாயகியின் கையில் கோப்பை நிரம்பியிருக்கிறது. அடுத்த ஷாட்டில் பாதி, மறுபடி முழுசு. சுவர்க்கடிகாரம் இருபது நிமிடம் தாவுகிறது. ஓரிடத்தில் மேலே மைக் தெரிகிறது. ஒவ்வொன்றையும் நிறுத்தி அப்பாவுக்குக் காட்டினேன். நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்து போய்விட்டார். இத்தனை பேர் வேலை செய்த படத்தில் ஒருவர் கண்ணிலுமா இது படவில்லை? பார்வையாளரை மதிக்காத அலட்சியம் அல்லவா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நகைச்சுவைக் காட்சியில் எடிட்டர் எதைக் காப்பாற்றுகிறார் என்று சில நாட்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தப் பதில்.

மைக்கை முதலில் முடித்துவிடலாம். பல பழைய படங்கள் கிட்டத்தட்டச் சதுரமான ஃபிரேமில் எடுக்கப்பட்டு, திரையிடும்போது மேலும் கீழும் மறைக்கப்பட்டவை. வீடியோவுக்கு மாற்றியபோது சிலவற்றில் அந்த மறைப்பை எடுத்துவிட்டார்கள். நீங்கள் பார்த்த மைக் அப்படி வெளிப்பட்டதாக இருக்கலாம். கடிகாரமும் பெரிய விஷயமில்லை. வெளியிடும் முன் சிலருக்குப் போட்டுக் காட்டும்போது சிரிப்பு எழாத வசனங்களை வெட்டுவார்கள், அவற்றோடு நிமிடங்களும் போகும்.

கோப்பைக்கு வருகிறேன். அது எடிட்டர் கண்ணில் கட்டாயம் பட்டிருக்கும். அந்தக் காட்சியை உங்களைவிடப் பல மடங்கு அதிகமாகப் பார்த்தவர் அவர். பார்த்துவிட்டுத்தான் வைத்திருக்கிறார்.

மேசைக் காட்சியை முதலில் எல்லோரும் தெரியும்படி மாஸ்டர் ஷாட்டாக எடுப்பார்கள். பிறகு விளக்குகளை மாற்றி ஒருவருக்கு க்ளோசப், திரும்பவும் மாற்றி எதிரே இருப்பவருக்கு. இதற்குள் மணிக்கணக்கில் நேரம் போயிருக்கும். எந்தச் சொல்லில் கோப்பை உதட்டுக்குப் போனது என்று கண்டினியூட்டி பார்ப்பவர், அதாவது ஷாட்டுக்கு ஷாட் எல்லாம் பொருந்துகிறதா என்று கவனிப்பவர், குறித்து வைத்திருப்பார். ஒரே ஷாட்டைத் திரும்பத் திரும்ப எடுப்பார்கள், ஒவ்வொரு முறையும் ஒரு டேக். குறித்தபடியே குடித்த டேக்குகளும் இருக்கும். ஆனால் எந்த டேக்கில் சிரிப்பு வரும் என்று யாராலும் குறித்து வைக்க முடியாது.

எனக்கு நெருக்கமான எடிட்டர் ஒருவரின் அறையில் ஓர் இரவு இதை நேரிலேயே பார்த்தேன். கை பொருந்திய டேக்கில் நடிகை வசனத்தைப் பிசகில்லாமல் சொன்னார், அவ்வளவுதான். பொருந்தாத டேக்கில், எதிரே இருந்தவர் எதையோ மாற்றிச் சொல்லிவிட, சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்து, கண்ணை வேறு பக்கம் திருப்பி, அரை நொடி தாமதித்துப் பதில் சொன்னார். சினிமாவில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனிப் படங்கள். அரை நொடி என்றால் 12 ஃபிரேம். காட்சியின் உயிர் அந்த 12 ஃபிரேமில்தான் இருந்தது. “கை இடிக்குதே சார்” என்றார் உதவியாளர். நண்பர் திரும்பாமலே, “கையை யாருய்யா பார்க்கப்போறான்? அந்தக் கண்ணைப் பாரு” என்றார்.

வால்டர் மர்ச் என்ற பெரிய எடிட்டர், ஒரு நல்ல வெட்டுக்கு வேண்டியவற்றை வரிசைப்படுத்தி விழுக்காடு போட்டிருக்கிறார். உணர்ச்சிக்கு 51. அறைக்குள் யார், எது, எங்கே இருக்கிறது என்ற வெளித் தொடர்ச்சிக்கு 4. அந்த நாலை வைத்துக்கொண்டு நீங்கள் மொத்தப் படத்துக்கும் தீர்ப்பு எழுதுகிறீர்கள்.

உங்கள் அப்பா அந்த ஐம்பத்தொன்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், எஸ். அவர் எழுந்து போனதை ஒரு வரியில் கடந்துவிட்டீர்களே, எப்படி மனம் வந்தது? அப்பாவும் பிள்ளையும் ஒரே நகைச்சுவைக்குச் சேர்ந்து சிரிக்கிற மாலை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அதை நிறுத்தி நிறுத்திக் கெடுத்தது எந்த இயக்குநரும் இல்லை. கடுமையாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கூர்மையான கண். அது வீணாகக் கூடாது என்ற அக்கறையில் சொல்கிறேன்.

அலட்சியமே கிடையாது என்று நான் சொல்லவில்லை. ஒரு பொருள் இருக்கும் இடத்தை நம்பியே நகைச்சுவை நிற்கும்போது, ஒருவன் கால்வைக்கப்போகும் வாளி ஷாட்டுக்கு ஷாட் நகர்ந்தால் அதை மன்னிக்கவே கூடாது. அங்கே பிழை சிரிப்பைக் கொல்கிறது. 1928இல் வந்த ஒரு மௌனப் படத்தில் நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் மேல் ஒரு வீட்டின் முகப்பு முழுதாகச் சாய்கிறது. திறந்திருந்த ஜன்னலின் இடைவெளியில் அவர் அசையாமல் நின்று தப்புகிறார். சுவர் விழுவதை வெட்டாமல் ஒரே ஷாட்டில் எடுத்தார்கள். நடுவில் ஒரு வெட்டு விழுந்திருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். உங்கள் பட்டியலில் வாளி நகர்ந்த மாதிரிப் பிழை ஒன்றுகூட இல்லை. கண்டால் எழுதுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன்.