கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறைக்கு வீட்டிலேயே என்ன பானம் செய்யலாம்?

டிசம்பர் கடைசியில் வீடு நிறைய ஆட்கள் வருகிறார்கள், பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் கொடுக்கிற மாதிரி பண்டிகைப் பானம் ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் இஞ்சி ஒயின். பெயரில்தான் ஒயின், போதை துளியும் கிடையாது.

நான் வளர்ந்தது திருச்சி பொன்மலை ரயில்வே காலனி. நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே பணிமனை 1928இல் இங்கே வந்தது. அதையொட்டிக் குடியேறியவர்களில் ஆங்கிலோ இந்தியர்களும் நிறைய. எங்களுக்கு எதிர் வரிசையில் அப்படி ஒரு குடும்பம். தீபாவளிக்கு எங்கள் வீட்டிலிருந்து அதிரசமும் முறுக்கும் தட்டில் போகும். வாங்கிய தட்டை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்பதில் அந்த ஆன்ட்டி எங்கள் அம்மாவை விடக் கறார். தட்டு டிசம்பர் 24 வரை அங்கேயே இருக்கும். பிறகு கல்கல், ரோஸ் குக்கீஸ், இரண்டு துண்டு கேக்கோடு வரும். கூடவே பழைய ஸ்குவாஷ் பாட்டிலில் செம்பழுப்பு நிறத்தில் இஞ்சி ஒயின். ‘ஒயின்’ என்றதும் அப்பா முதல் வருஷம் தொடவே இல்லை. அடுத்த வருஷத்திலிருந்து எங்களுக்கு மிச்சம் வைத்தால் பெரிய விஷயம்.

இங்கிலாந்தில் இதே பெயரில் விற்பது உலர்திராட்சையைப் புளிக்க வைத்து இஞ்சி சேர்த்த நிஜ ஒயின். நம்மூர் வீடுகளில் செய்வது புளிக்காதது. தொண்டையில் இறங்கும் அந்தச் சூட்டுக்குக் காரணம் இஞ்சியும் வற்றல் மிளகாயும்தான். மிளகாய் எதற்கு என்று கேட்பீர்கள். பச்சை இஞ்சியின் காரத்துக்குக் காரணமான ஜிஞ்சரால், கொதிக்கக் கொதிக்கக் கொஞ்சம் தணிந்துவிடும். அந்தக் குறையை மிளகாய் ஈடுகட்டும்.

ஆன்ட்டியிடம் கேட்டு எழுதி வைத்த அளவு இது, பிறகு என் கைக்குத் தகுந்தபடி கொஞ்சம் மாறியிருக்கிறது. இஞ்சி கால் கிலோ, சர்க்கரை ஒரு கிலோ, தண்ணீர் இரண்டரை லிட்டர், வற்றல் மிளகாய் ஆறு, கிராம்பு ஆறு, விரல் நீளப் பட்டை ஒன்று, ஏலக்காய் நான்கு, எலுமிச்சம்பழம் ஐந்து. நார் பாயாத இஞ்சியாகப் பார்த்து வாங்கி, தோல் சீவி, உரலில் ஒன்றிரண்டாகத் தட்டுங்கள். மிக்ஸியில் மையாக அரைத்தால் வடிகட்டும்போது அழ வேண்டியிருக்கும். மிளகாயைக் கிள்ளி விதையை உதறிவிடுங்கள். இஞ்சி, மிளகாய், மசாலா எல்லாவற்றையும் தண்ணீரில் போட்டு முக்கால் மணி நேரம் சிறு தீயில் கொதிக்கவிட்டு, மூடி அப்படியே ராத்திரி முழுக்க வைத்துவிடுங்கள்.

காலையில் மெல்லிய வெள்ளைத் துணியில் வடிகட்டி, கொஞ்ச நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் வெள்ளையாகப் படிவது இஞ்சியின் மாவுச்சத்து. அதை விட்டுவிட்டு மேலாக ஊற்றி எடுத்தால் பானம் கலங்காமல் வரும்.

நிறத்துக்குச் சர்க்கரையைக் கருக்க வேண்டும், நான் சூடுபட்டது இந்த இடத்தில்தான். அந்த ஒரு கிலோவிலிருந்து நான்கு ஸ்பூன் சர்க்கரையைக் கனமான வாணலியில் தண்ணீர் விடாமல் போட்டால், முதலில் ஓரம் உருகும், பிறகு தேன் நிறம், பிறகு சட்டென்று செம்பழுப்பு. அதோடு அடுப்பை அணைத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று ஆசைப்பட்டால் புகை கிளம்பிக் கசந்துவிடும். முதல் தடவை அந்தக் கொதிக்கும் பாகில் பச்சைத் தண்ணீரை ஊற்றினேன். ‘சுர்ர்’ என்று பொங்கி எழுந்த ஆவியில் மணிக்கட்டு வெந்து, கிறிஸ்துமஸ் முழுக்கக் களிம்போடு திரிந்தேன். நீங்கள் வெந்நீரை, வாணலியை விட்டுத் தள்ளி நின்று, நீளக் கரண்டியால் விடுங்கள். பாகு கட்டியாக இறுகினாலும் பதற வேண்டாம், மறுபடி சூடு காட்டினால் கரைந்துவிடும்.

வடித்த சாற்றில் மீதிச் சர்க்கரையையும் இந்தக் கருக்கலையும் சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, நன்றாக ஆறிய பிறகு எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். சூட்டில் பிழிந்தால் அந்த வாசனை போய்விடும். கழுவிக் காயவைத்த கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். அன்றே குடித்தால் இஞ்சி தனியாக, மிளகாய் தனியாக நாக்கைப் பிடிக்கும். நான்கைந்து நாளில் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். அதனால் 20ஆம் தேதிக்குள் செய்துவிடுவது நல்லது. ஒரு பங்குக்கு இரண்டு பங்கு குளிர்ந்த தண்ணீரோ சோடாவோ கலந்து சின்ன கிளாஸில் கொடுங்கள். பொடிசுகளுக்கு இன்னும் நீர்க்க.

அப்புறம் திராட்சை ஒயின். பரணியில் திராட்சை, சர்க்கரை, ஒரு கைப்பிடி கோதுமை, ஈஸ்ட் போட்டு 21 நாள் துணி கட்டி வைக்கிற வழக்கம் பல வீடுகளில் உண்டு. ஆனால் உரிமம் இல்லாமல் வீட்டில் மது காய்ச்சுவதும் புளிக்க வைப்பதும் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937இன்படி குற்றம், பண்டிகை என்று விலக்கெல்லாம் கிடையாது. புளிப்பு முடியாமல் பாட்டிலில் இறுக்கி மூடினால் உள்ளே வாயு சேர்ந்து வெடிக்கவும் செய்யும்.

அதற்குப் பதில் அதே பழத்தில் சூடான சாறு செய்யலாம். கம்பம் பன்னீர் திராட்சை (2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதுதான்) ஒரு கிலோ வாங்கி உதிர்த்து, அரை லிட்டர் தண்ணீர், நாலு கிராம்பு, ஒரு துண்டுப் பட்டை, ஆரஞ்சுத் தோல் கொஞ்சம் சேர்த்து, பழம் வெடிக்கும் வரை வேகவிட்டு, கரண்டியால் மசித்து வடிகட்டுங்கள். மிக்ஸி பக்கமே போகாதீர்கள், கொட்டை அரைபட்டால் துவர்த்துக் கசக்கும். சர்க்கரை உங்கள் ருசிக்கு. மார்கழிப் பனியில் மொட்டை மாடியில் உட்கார்ந்து குடிக்க இதை அடித்துக்கொள்ள ஆளில்லை.

வயசானவர்கள் இருந்தால் சுக்கு மல்லி காபி போதும், அதற்குச் செய்முறை சொல்ல வேண்டியதில்லை. பச்சை முட்டை அடித்துச் சேர்க்கும் எக்நாகை மட்டும் கூட்டம் கூடும் வீட்டில் நான் செய்ய மாட்டேன்.

துணியில் மிஞ்சிய இஞ்சிச் சக்கையை வீணாக்க மனசில்லாமல் ஒரு வருஷம் வெல்லப்பாகில் கிளறி மரப்பா செய்து பார்த்தேன். தேங்காய் நாரை மென்ற மாதிரி இருந்தது. மிளகாயைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, இரண்டு நாளைக்கு டீயில் தட்டிப் போட்டுக்கொள்ளுங்கள்.