மூல நட்சத்திரப் பெண்ணுக்கு வரன் தட்டிப் போகிறதா?

கேள்வி: என் மகளுக்கு 28 வயது. கோவையில் ஐ.டி. வேலை. தனுசு ராசி, மூல நட்சத்திரம், 2-ஆம் பாதம். பெண் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனவர்கள்கூட, ஜாதகத்தைப் பார்த்ததும் “மாமனாருக்கு ஆகாது” என்று ஒதுங்கிவிடுகிறார்கள். பிறந்த நேரத்தை மாற்றிப் பூராடம் என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்கிறார் என் நாத்தனார். இதற்கிடையில் ஆன்லைனில் அறிமுகமான ஒரு ஜோதிடர், 60,000 ரூபாயில் பரிகார பூஜை செய்ய வேண்டும், பெண் மட்டும் தனியாக வர வேண்டும், வெளியே சொன்னால் பலிக்காது என்கிறார். 5,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டோம். என்ன செய்வது? - ஈரோடு வாசகி

பதில்: சகோதரி, கடைசியில் எழுதியிருப்பதுதான் அவசரமானது. அந்தப் பூஜைக்கு மகளை அனுப்பாதீர்கள். நீங்கள் கூடப் போவதாக இருந்தாலும் வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். முதலில் நட்சத்திரத்தைப் பார்ப்போம்.

“மாமனாருக்கு ஆகாது” என்பது சாஸ்திரத்திலேயே கிடையாது என்று சொல்லி உங்களைத் தேற்றுவது சுலபம். ஆனால் இருக்கிறது. 1600 வாக்கில் காசியில் ராம தைவக்ஞர் எழுதிய முகூர்த்த சிந்தாமணியில், விவாகத்தைப் பற்றிய பகுதியில் வருகிறது. ஆயில்யம் மாமியாருக்கு, மூலம் மாமனாருக்கு, கேட்டை கணவனின் அண்ணனுக்கு, விசாகம் கணவனின் தம்பிக்கு ஆகாது என்பது அதன் சாரம். ஜோதிடர்கள் பலரும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சுலோகத்தை முழுதாகப் படித்தால், ஆயில்யத்துக்கும் மூலத்துக்கும் அது பெண்ணை மட்டும் சொல்லவில்லை, பெண்ணையும் பிள்ளையையும் சேர்த்தே சொல்கிறது. அதன்படி மூலத்தில் பிறந்த மாப்பிள்ளை பெண்ணின் அப்பாவுக்கு ஆகக் கூடாது. என்னிடம் ஜாதகம் கொண்டுவரும் பெண்ணைப் பெற்றவர்களில், “மாப்பிள்ளை மூலமாச்சே, எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணும் ஆகாதே?” என்று கேட்டவர் ஒருவர்கூட இல்லை. ஆண் மூலம் அரசாளும் என்று பழமொழி வேறு இருக்கிறதே! நூல் இருவருக்கும் வைத்த விதியில் ஊர் ஆணை விட்டுவிட்டது.

அதே நூலில் அடுத்தாற்போல் விதிவிலக்குகளும் உண்டு. மூலத்தில் 4-ஆம் பாதமும் ஆயில்யத்தில் 1-ஆம் பாதமும் நல்லவை. விசாகத்தில் முதல் மூன்று பாதங்களில் பிறந்த பெண்ணால் கொழுந்தனுக்கு நன்மையே. நட்சத்திரத்துக்கு நாலு பாதமாக மொத்தம் 108 பாதங்களில், கூட்டிக் கழித்தால் 11 பாதங்கள்தான் இந்த விதிக்குள் வருகின்றன. நம் ஊரில் பாதம் பார்க்க யாருக்குப் பொறுமை? நாலு நட்சத்திரத்தையும் முழுசாகத் தள்ளி வைத்துவிடுகிறார்கள். 27-இல் நாலு என்றால் ஏறக்குறைய ஏழு பெண்களில் ஒருத்தி.

உங்கள் மகள் 2-ஆம் பாதம் என்கிறீர்கள். அந்த விதிவிலக்கு அவளுக்குப் பொருந்தாது. இருந்தாலும் பாதம் சரிதானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கு ஜோதிடர்கூட வேண்டாம். ஜாதகத்தில் “கர்ப்பச்செல் நீக்கி கேது தசை இருப்பு” என்று வருஷம், மாதம், நாள் போட்டிருக்கும். மூலத்துக்குக் கேது தசை மொத்தம் 7 வருஷம், ஒரு பாதத்துக்கு 1 வருஷம் 9 மாதம். இருப்பு 5 வருஷம் 3 மாதத்துக்கு மேல் இருந்தால் முதல் பாதம். அதற்குக் கீழே 3 வருஷம் 6 மாதம் வரை இரண்டாம் பாதம், அதற்கும் கீழே 1 வருஷம் 9 மாதம் வரை மூன்றாம் பாதம், அதற்கும் குறைவென்றால் நான்காம் பாதம். எழுதியிருக்கும் பாதமும் இந்த இருப்பும் ஒத்துப்போகாவிட்டால், கணித்தவர் எங்கோ தவறியிருக்கிறார். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் நட்சத்திரம் மாறும் நேரத்தில் சில மணி நேர வித்தியாசம் வருவதுண்டு. ஒரு பாதம் என்பதே சுமார் 6 மணி நேரம்தான். எனவே இரண்டிலும் கணித்துப் பாருங்கள். ஒன்றில் இரண்டாம் பாதமும் மற்றதில் மூன்றாம் பாதமும் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

பாதம் எதுவாக இருந்தாலும் சரி, தொழில் முறையில் நான் உறுதியாகச் சொல்வது ஒன்று உண்டு. ஒருவருடைய ஆயுளை அவருடைய ஜாதகத்தில்தான் பார்க்க வேண்டும். மாமனாருக்கு லக்னம் இருக்கிறது, எட்டாம் இடம் இருக்கிறது, சனி இருக்கிறார். அதையெல்லாம் விட்டுவிட்டு, 60 வயதுக்காரரின் ஆயுளை 28 வயதுப் பெண்ணின் நட்சத்திரத்தில் தேடுவது கணிதமே ஆகாது. நம் பக்கம் பார்க்கும் பத்துப் பொருத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தினம், கணம், மகேந்திரம், ஸ்திரீ தீர்க்கம், யோனி, ராசி, ராசி அதிபதி, வசியம், ரஜ்ஜு, வேதை. இவற்றில் எந்த இடத்திலும் ஒரு நட்சத்திரத்தையே முழுதாக விலக்கி வைக்கும் விதி இல்லை. பெண் நட்சத்திரத்திலிருந்து ஆண் நட்சத்திரத்துக்கு எண்ணிப் பார்க்கிறோம், ஒத்து வந்தால் வந்தது, வராவிட்டால் அந்த வரன் மட்டும் இல்லை. ஸ்திரீ தீர்க்கம் பெண்ணின் நலனுக்காகவே வைத்த பொருத்தம். அதை யாரும் அழுத்திப் பேசிக் கேட்டதில்லை. நட்சத்திரங்களைத் தேவ, மனுஷ, ராட்சச என்று மூன்றாகப் பிரிக்கும் கணத்தில் மட்டும், ராட்சச கணம் ஆணுக்கு இருந்தால் பரவாயில்லை, பெண்ணுக்கு இருந்தால் ஆகாது என்ற ஓரவஞ்சனை உண்டு. மூலமும் ராட்சச கணம்தான் என்பதால் இந்த அடியும் உங்கள் மகளுக்கு விழும், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய் தோஷத்திலும் கதை இதுதான். லக்னத்திலிருந்து 2, 4, 7, 8, 12-இல் செவ்வாய் இருந்தால் தோஷம். பன்னிரண்டில் ஐந்து வீடுகள் இதிலேயே போயிற்று, சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ண ஆரம்பித்தால் தப்புகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். விதி இரு பாலாருக்கும் ஒன்றே. பரிகாரம் செய்யச் சொல்வது என்னவோ பெரும்பாலும் பெண்ணைத்தான்.

இந்த ஏற்றத்தாழ்வுக்கு மூல நூல்களிலேயே வேர் இல்லையா என்றால், இருக்கிறது. ஆறாம் நூற்றாண்டின் வராகமிகிரர் பிருகத் ஜாதகத்தில் ஸ்திரீ ஜாதகத்துக்குத் தனி அத்தியாயம் வைத்திருக்கிறார். ஆணுக்குச் சொன்ன பலன்களில் பெண்ணுக்குப் பொருந்துபவற்றை அவளுக்கும், மற்றவற்றை அவள் கணவனுக்கும் சொல்லச் சொல்கிறார். ஆண் ஜாதகத்தில் எட்டாம் இடம் அவன் ஆயுள், பெண் ஜாதகத்தில் அது கணவனின் மரணத்தைக் காட்டும் இடம். மாங்கல்ய ஸ்தானம் என்று நாம் சொல்வது இங்கிருந்துதான் வருகிறது. சொத்து, வருமானம், பதவி எதுவும் பெண் கையில் இல்லாத காலத்தின் கணக்கு அது. சொந்தச் சம்பளத்தில் வீட்டுக் கடன் கட்டும் பெண்ணுக்கு அதை அப்படியே போட்டுப் பார்ப்பது என் வரையில் சோம்பேறித்தனம். அதே வராகமிகிரர்தான் பிருகத் சம்ஹிதையில் பெண்களைப் போற்றி ஓர் அத்தியாயம் எழுதினார். பெண்களின் குணத்தை விட்டுவிட்டு வைராக்கியம் பேசிக் குறை மட்டுமே சொல்பவர்கள் துர்ஜனங்கள் என்று தமக்குத் தோன்றுவதாகச் சொல்கிறார். பெண்ணிடம் சொல்லப்படும் குற்றத்தில் ஆண் செய்யாதது எது என்றும் கேட்கிறார். சுலோகம் ஒப்பிக்கும் சோதிடர்கள் இந்த அத்தியாயத்தின் பக்கம் போவதில்லை.

மூலத்தின் பெருமையையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன், மகளிடம் சொல்லுங்கள். நவராத்திரியில் சரஸ்வதியை ஆவாகனம் செய்வது மூல நட்சத்திரத்தில். மார்கழி மூலம் அனுமன் ஜயந்தி.

அடுத்து, நாத்தனாரின் யோசனை. வேண்டவே வேண்டாம். பூராடம் என்று எழுதினால் கேது தசைக்குப் பதில் 20 வருஷச் சுக்கிர தசையில் ஜாதகம் தொடங்கும். அப்புறம் இன்றைக்கு நடக்கிற தசை, புத்தி எல்லாம் பொய். பொருத்தம் பார்ப்பதும் பொய் நட்சத்திரத்தை வைத்துத்தான் நடக்கும். ஜோதிடத்தை நம்புகிறவருக்கு இது அர்த்தமற்ற காரியம், நம்பாதவருக்குத் தேவையற்ற காரியம். இன்னொன்றும் இருக்கிறது. மருத்துவமனையில் கொடுத்த பழைய சீட்டு, சின்ன வயதில் எழுதிய நோட்டு ஜாதகம், சொந்தக்காரர் வாய் என்று உண்மை வெளியே வர நூறு வழி. பத்து வருஷம் கழித்து மாமனாருக்கு நெஞ்சுவலி வரும் அன்று அது வெளிவந்தால், உங்கள் மகள் அந்த வீட்டில் தலை நிமிர முடியாது.

மறைப்பதற்குப் பதில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தரகரிடமும் மேட்ரிமோனி பக்கத்திலும் நட்சத்திரத்தையும் பாதத்தையும் தெளிவாகப் போடுங்கள். பார்த்துவிட்டு ஒதுங்குகிறவர்கள் வீட்டுக்கு வந்து பஜ்ஜி சாப்பிடுவதற்கு முன்பே ஒதுங்கட்டும். மாமனார் இல்லாத வீடாகப் பார்க்கச் சொல்லும் ஜோதிடர்கள் உண்டு. அப்படி வரன் அமைந்தால் தவறில்லை, அதற்காகத் தேடலை அதற்குள் சுருக்க வேண்டாம். நான் பயப்படுவது வேறு ஒரு வகை வீட்டுக்கு. “தோஷம்தான், இருந்தாலும் பரவாயில்லை, நகை மட்டும் கொஞ்சம் கூடப் போட்டுடுங்க” என்பார்கள். 20 பவுன் கூடப் போட்டால் விலகிவிடுகிற தோஷத்தை எந்தப் பஞ்சாங்கத்தில் கண்டார்கள்? வரதட்சணை கேட்பது 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியமாக, இன்று நட்சத்திரத்துக்கு விலை பேசியவர்கள் நாளை வீட்டில் எது நடந்தாலும் அவள் தலையில் கட்டுவார்கள். கல்யாணத்துக்குப் பிறகு ராசியில்லாதவள், வந்த நேரம் சரியில்லை என்று ஒரு பெண்ணைக் குத்திக்கொண்டே இருந்தால், 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் வாய்மொழி, மனரீதியான கொடுமை என்று அவள் முறையிடலாம். அந்த நிலைமைக்கே போக வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

கடிதம் முழுக்க மகள் என்ன நினைக்கிறாள் என்று ஒரு வார்த்தை இல்லை, கவனித்தீர்களா? அவளிடம் கேளுங்கள். ஜாதகமே பார்க்காத வீட்டில் பார்க்கலாம் என்று அவள் சொல்லக்கூடும்.

இனி அந்தப் பூஜை. பரிகாரம் என்பது கோயிலில் அவள் பெயர், நட்சத்திரம், கோத்திரம் சொல்லி ஓர் அர்ச்சனை. ஹோமம்தான் வேண்டுமென்றால் வீட்டுக் கூடத்தில், பெற்றவர்கள் பக்கத்தில் உட்கார, சங்கல்பம் செய்து நடத்துவது. ஆள் ஊரில் இல்லாவிட்டால் பெயரைச் சொல்லியே சங்கல்பம் செய்துவிடுவார்கள். பெண் தனியாக மூடிய அறைக்குள் வந்தால்தான் பலிக்கும் என்று எந்தச் சம்பிரதாயத்திலும் கிடையாது. பயம் காட்டுவது, தனியே கூப்பிடுவது, வெளியே சொல்லாதே என்பது: இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் அங்கே ஜோதிடத்துக்கு வேலையில்லை. சாமியார் ஆசாராம் மீதான பாலியல் வன்கொடுமை வழக்கு நினைவிருக்கலாம். பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது, சடங்கு செய்ய வேண்டும் என்று 2013-இல் ஒரு குடும்பத்தை ஜோத்பூருக்கு அருகிலுள்ள ஆசிரமத்துக்கு வரவழைத்தார்கள். அந்தச் சிறுமியின் பெற்றோரும் கூடவே போயிருந்தார்கள், வெளியே இருந்தார்கள். நீங்கள் துணைக்குப் போனாலும் போதாது என்று தொடக்கத்தில் சொன்னதற்குக் காரணம் இதுதான். அவருக்கு 2018 ஏப்ரலில் ஆயுள் தண்டனை கிடைத்தது. பெற்றோர் அவரை அவ்வளவு நம்பிய பக்தர்கள். முன்பின் தெரியாத ஆன்லைன் ஜோதிடருக்கு நீங்கள் எதற்கு அந்த இடத்தைக் கொடுக்க வேண்டும்?

5,000 ரூபாயைக் கேட்டு நேரில் போகாதீர்கள். “பூஜை வேண்டாம், பணத்தைத் திருப்பி அனுப்புங்கள்” என்று வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள். அதற்கு மேல் பேச்சு வளர்க்க வேண்டாம். அவர் அனுப்பிய செய்திகள், குரல் பதிவுகள், பணம் போன ரசீது எதையும் அழிக்காமல் வேறொரு போனிலும் ஏற்றி வையுங்கள். மகளின் போட்டோவை அனுப்பியிருந்தால் அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், அவளுக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது. பூஜையைப் பாதியில் விட்டால் குடும்பத்துக்குக் கெடுதல் என்று மிரட்டல் வந்தாலோ, இன்னும் பணம் கேட்டாலோ 1930-க்கு அழையுங்கள், இணையப் பண மோசடிக்கான எண் அது. மகளுக்கு நேரடியாகத் தொந்தரவு வந்தால் 181 பெண்கள் உதவி எண். காவல் நிலையத்தில் புகார் எழுதும்போது “ஜோதிடர் ஏமாற்றிவிட்டார்” என்று பொதுவாக எழுதாமல், என்ன சொல்லிப் பணம் வாங்கினார், என்றைக்கு, எந்தக் கணக்குக்குப் போயிற்று, தனியாக வரச் சொன்ன வார்த்தை என்ன என்று வரிசையாக எழுதுங்கள். பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தில் மோசடிக்குப் பிரிவு 318, மிரட்டலுக்குப் பிரிவு 351. பிரிவு போடுவது அவர்கள் வேலை, விவரம் கொடுப்பது மட்டும் உங்கள் வேலை.