சம்பளக் கணக்கில் தவறு வந்தால் யாரைக் கேட்பது?

கேள்வி: கோவையில் சிறு நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்கு போட்டுத் தருகிறேன். வாடிக்கையாளர்கள் வருகைப் பதிவைத் தாமதமாக அனுப்புகிறார்கள், என் பணியாளர்கள் அவசரத்தில் தவறு செய்கிறார்கள். திட்டியும் பயனில்லை.
- ஒரு வாசகர்

பதில்: திட்டுவதை நிறுத்துங்கள் சார். டிடிஎஸ் (சம்பளத்தில் பிடித்த வருமான வரி) பொதுவாக அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள், பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும் என்பது அரசு வைத்த கெடு, ஆனால் வருகைப் பதிவுக்கான கெடுவை நீங்கள்தான் ஒப்பந்தத்தில் எழுதி, தாமதமானால் வாடிக்கையாளரிடம் நீங்களே பேச வேண்டும், நேற்று சேர்ந்த பெண்ணைப் பேச விடக்கூடாது. அப்புறம், ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் போன மாதத்தோடு ஒப்பிடட்டும். தவறைத் தானாக வந்து சொல்பவரைப் பாராட்டுங்கள், பயந்து மறைத்தால் யாரோ ஒரு தொழிலாளியின் வீட்டு வாடகையில்தான் அது இடிக்கும்.