கேள்வி – பதில்: பெரிய ஒப்பந்தங்கள் ஏன் நம் கண்ணில் தாமதமாகவே படுகின்றன?

பொறியியல் ஆலோசனை, தணிக்கை, சட்டம், கட்டிடக்கலை, மேலாண்மை ஆலோசனை ஆகிய துறைகளில் நிறுவனம் நடத்தும் வாசகர்களிடமிருந்து தொடர்ந்து வரும் கடிதங்களில் ஒரே கவலைதான் பலவாறாக எழுதப்பட்டிருக்கிறது. சிறு பணிகள் தேடி வருகின்றன, பெரிய ஒப்பந்தங்களோ வேறு யாருக்கோ போன பிறகே தெரியவருகின்றன என்பதே அது. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே விடை தருகிறேன்.

பொறியியல் ஆலோசனை நிறுவனம் நடத்தும் வாசகர் ஒருவர்: எங்கள் நிறுவனத்தில் 22 பேர் பணிபுரிகிறோம். பெரிய டெண்டர் ஒன்று எங்கள் பார்வைக்கு வரும்போது, முன்மொழிவு அளிக்க மூன்று வாரங்களே மீதமிருக்கின்றன. இவற்றை முன்கூட்டியே அறிய வழி உண்டா?

உண்டு. டெண்டர் அறிவிப்பு என்பது பல மாதங்களாக நடந்துவந்த ஒரு வேலையின் கடைசிப் பக்கம். தேவையை உணர்வது, நிதி ஒப்புதல் பெறுவது, பணிவரையறை எழுதுவது, தேர்வு முறையை முடிவு செய்வது எல்லாம் முடிந்த பிறகே அறிவிப்பு வெளியாகிறது. அந்தக் கட்டங்களில் பல, பொது நிறுவனங்களைப் பொறுத்தவரை, யாரும் படிக்கக்கூடிய ஆவணங்களாகவே வெளியிடப்படுகின்றன, படிப்பவர்கள்தாம் குறைவு.

உலக வங்கியின் கடனில் நடக்கும் திட்டங்களை எடுத்துக்கொள்வோம். கடன் பெறும் அரசு ஒரு கொள்முதல் திட்டத்தைத் தயாரித்து வெளியிட வேண்டும். அது குறைந்தது முதல் 18 மாதங்களுக்கான ஒப்பந்தங்களைக் காட்டும். எந்த ஆலோசனைப் பணி, எந்த முறையில், ஏறத்தாழ எப்போது என்பதை அதிலேயே காணலாம். அதன்பின் வருவது விருப்ப வெளிப்பாட்டுக்கான அழைப்பு. அந்தக் கட்டத்தில் விலையோ விரிவான முன்மொழிவோ கேட்கப்படுவதில்லை, தகுதியும் தொடர்புடைய அனுபவமும் மட்டுமே கேட்கப்படுகின்றன. வந்த விண்ணப்பங்களிலிருந்து வழக்கமாக 5 முதல் 8 நிறுவனங்கள் கொண்ட குறும்பட்டியல் உருவாகிறது. முழு முன்மொழிவுக்கான கோரிக்கை அவர்களுக்கு மட்டுமே போகிறது. ஆகவே விருப்ப வெளிப்பாட்டைத் தவறவிட்டவருக்கு, பிறகு எத்தனை வாரம் அவகாசம் இருந்தாலும் பயனில்லை. மதிப்பீட்டுக் குழுவில் அமர்ந்திருந்த அனுபவத்தில் ஒன்று சொல்வேன்: பெரும்பாலான நிறுவனங்கள் இந்தக் கட்டத்தை எழுத்தர் வேலையாகக் கருதி, எல்லோருக்கும் அனுப்பும் அதே நிறுவன அறிமுகக் கையேட்டை அனுப்பிவிடுகின்றன. கேட்ட பணிக்கு நெருக்கமான மூன்று பணிகளை மட்டும் எடுத்து, அவற்றில் என்ன சிக்கல் வந்தது, எப்படித் தீர்த்தோம் என்று இரண்டு பக்கத்தில் எழுதும் நிறுவனம் உடனே தனித்துத் தெரிந்துவிடும்.

நாடுகளும் இவ்வழியில் செல்கின்றன. பிரிட்டனின் 2023ஆம் ஆண்டுக் கொள்முதல் சட்டம் 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு 10 கோடி பவுண்டுக்கு மேல் செலவிடவிருக்கும் பொது அமைப்புகள், அடுத்த 18 மாதங்களில் வரவிருக்கும் 20 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களை முன்னதாகவே பட்டியலிட வேண்டும் என்று அது விதிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டெண்டர் அறிவிப்புத் தளமான ‘டெட்’டில் முன்தகவல் அறிவிப்புகள் வருகின்றன. அமெரிக்கக் கூட்டரசின் கொள்முதல் தளமான ‘சாம்’மில், “இப்பணியைச் செய்யக்கூடியவர்கள் யார் யார்?” என்று சந்தையை விசாரிக்கும் அறிவிப்புகள் வருகின்றன. இத்தகைய விசாரணைக்குப் பதில் எழுதுவதால் உடனே வருமானம் இல்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பணிவரையறை இன்னும் இறுதியாகாத அந்த நேரத்தில்தான் உங்கள் சொல்லுக்கு எடை இருக்கிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. ஓர் எச்சரிக்கையும் உண்டு. சந்தை விசாரணைக்கு எல்லோரையும் போலப் பதில் தருவது வேறு, ஊதியம் பெற்றுக்கொண்டு பணிவரையறையை எழுதிக் கொடுப்பது வேறு. இரண்டாவதைச் செய்தால், நல முரண்பாடு என்ற காரணத்தால் முதன்மைப் பணிக்குப் போட்டியிடும் தகுதியையே இழக்க நேரலாம்.

இவை எல்லாவற்றையும்விட நான் மதிப்பது, ஒப்பந்தம் வழங்கப்பட்டதைத் தெரிவிக்கும் அறிவிப்புகளை. முடிந்துபோன விஷயம் என்று அவற்றை யாரும் திறப்பதில்லை. யார் வென்றார், என்ன தொகை, எத்தனை ஆண்டுகள், எத்தனை பேர் போட்டியிட்டார்கள் என்பன பெரும்பாலும் அதில் இருக்கும். நான்கு ஆண்டு ஒப்பந்தம் ஒன்று இவ்வாண்டு வழங்கப்பட்டால், மூன்றாம் ஆண்டிலேயே அடுத்த டெண்டருக்கான சிந்தனை தொடங்கிவிடும் என்று கணக்கிடலாம். போட்டியிட்டவர் ஒருவரே என்றால், வாங்குபவர் அடுத்த முறை புதியவர்களை ஆவலுடன் எதிர்பார்ப்பார். உங்கள் துறையில் சென்ற மூன்றாண்டு அறிவிப்புகளை ஓர் அட்டவணையாக்கிப் பாருங்கள். வரும் மூன்றாண்டின் நாட்காட்டி உங்கள் மேசைக்கு வந்துவிடும்.

தேடும்போது சொற்களை நம்பாமல் வகைக்குறியீடுகளை நம்புங்கள். ஐரோப்பியக் குறியீட்டு முறையில் கட்டிடக்கலை, பொறியியல் பணிகள் 71 என்ற எண்ணிலும், சட்டம், தணிக்கை, ஆலோசனை போன்றவை 79 என்ற எண்ணிலும் தொடங்குகின்றன. ஒரே பணியை ஒருவர் ‘ஆய்வு’ என்பார், மற்றொருவர் ‘தொழில்நுட்ப உதவி’ என்பார். குறியீடு பெரும்பாலும் மாறாது.

தணிக்கையாளர் ஒருவர்: அரசு டெண்டர் எங்காவது வெளியாகிவிடுகிறது. பெரிய தனியார் நிறுவனங்கள் எதையும் விளம்பரம் செய்வதில்லையே. அவர்களுடைய தேவையை எப்படி அறிவது?

அங்கே நான்கைந்து நிறுவனங்களுக்கு நேரடியாகக் கோரிக்கை அனுப்பப்படுகிறது. அந்த நான்கைந்தில் ஒன்றாக இருப்பது எப்படி என்பதே உங்கள் கேள்வியாக இருக்க வேண்டும். ஆனால் தேவை எப்போது எழும் என்பதைப் பல வேளைகளில் வெளியிலிருந்தே கணிக்கலாம்.

உங்கள் துறையே நல்ல உதாரணம். ஐரோப்பிய ஒன்றியத்தில், பொதுநலன் சார்ந்த நிறுவனங்கள் (பங்குச்சந்தையில் உள்ள நிறுவனங்கள், வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள் போன்றவை) ஒரே தணிக்கை நிறுவனத்தை அதிகபட்சம் 10 ஆண்டுகளே தொடரலாம் என்பது 2014ஆம் ஆண்டின் விதி. உறுப்பு நாடு அனுமதித்தால், பொது டெண்டர் நடத்தி அதை 20 ஆண்டுகள் வரை நீட்டிக்கலாம். ஆண்டறிக்கையைப் படித்தால், தற்போதைய தணிக்கையாளர் எந்த ஆண்டில் வந்தார் என்பதும், எந்த ஆண்டில் மாற்றமோ மறுடெண்டரோ வரும் என்பதும் தெரிந்துவிடும். தணிக்கை வேலை உங்களுக்குக் கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. பழைய தணிக்கையாளர் விலகிய பின், தணிக்கையின் சார்பின்மை கருதி அதுவரை அவருக்குத் தடைசெய்யப்பட்டிருந்த ஆலோசனைப் பணிகளும், புதியவர் விட்டுவிட வேண்டிய பணிகளும் கைமாறுகின்றன. பெரிய மரம் சாயும்போது அதைச் சுற்றியுள்ள இடமெல்லாம் வெளிச்சமாவதைப் போன்றது இது.

சட்ட மாற்றங்கள் அடுத்த அறிகுறி. ஐரோப்பாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை 2016இல் நிறைவேறியது, 2018 மே 25 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. இடையில் கிடைத்த இரண்டு ஆண்டுகளில் அதைக் கற்றுத் தேர்ந்து, வாடிக்கையாளரிடம் உரிய நேரத்தில் பேசிய நிறுவனங்களுக்கு, பிறர் விழித்துக்கொள்வதற்கு முன்பே கை நிறைய வேலை இருந்தது. நிறைவேறிய நாளுக்கும் நடைமுறைக்கு வரும் நாளுக்கும் இடைப்பட்ட காலம் எந்தச் சட்டத்திலும் நமக்குரிய காலமே. நிறுவன இணைப்பு, பெருங்கடன் திரட்டல், புதிய நிதித் தலைவரின் நியமனம், புதிய ஆலைக்கான அனுமதி விண்ணப்பம் ஆகியனவும் இவ்வாறே முன்னறிவிக்கின்றன. புதிய தலைவர் ஒருவர் பொறுப்பேற்றால், பழைய ஆலோசகர்களின் பட்டியலை அவர் ஒருமுறையாவது புரட்டிப் பார்ப்பார்.

கொள்முதல் பிரிவை மட்டும் சுற்றிவருவதில் பயன் குறைவு. தேவை அங்கே பிறப்பதில்லை, ஏற்கெனவே பிறந்த தேவை அங்கே வந்து சேர்கிறது. சிக்கலை அன்றாடம் சுமப்பவர் துறைத் தலைவர். அவரிடம் ‘எங்கள் சேவைகள்’ என்று தொடங்காமல், அவருடைய துறையில் வரவிருக்கும் ஒரு குறிப்பிட்ட இடர் பற்றி ஒரு பக்கக் குறிப்புடன் செல்லுங்கள். அதே வேளையில், சப்ளையர் பதிவு, தகவல் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 27001 சான்றிதழ், தொழில்சார் பொறுப்புக் காப்பீடு முதலியவற்றை அமைதியான மாதங்களில் முடித்து வைத்துக்கொள்ளுங்கள். கோரிக்கை வந்த பிறகு சான்றிதழுக்கு ஓடுவது தாகமெடுத்த பின் கிணறு வெட்டுவதாகும்.

பழைய வாடிக்கையாளர்களை மறந்துவிடாதீர்கள். ஐந்தாண்டுக்கு முன் உங்களுடன் வேலை செய்த மேலாளர் இன்று வேறொரு பெரிய நிறுவனத்தில் இருக்கலாம். அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எழுதிப் பாருங்கள். நான் கண்டவரை, விலை கொடுத்து வாங்கும் எந்தத் தரவுத்தளத்தையும்விட அதில் அதிக ஒப்பந்தங்கள் மறைந்திருக்கின்றன.

மேலாண்மை ஆலோசகர் ஒருவர்: மிகக் குறைந்த விலை கொடுத்தும் தோற்றோம். 20 சதவீதம் அதிகம் கேட்டவருக்கு ஒப்பந்தம் போனது. இதில் ஏதேனும் முறைகேடு இருக்குமா?

இருக்க வேண்டிய அவசியமில்லை. முதலில் கணக்கைப் பாருங்கள். ஆலோசனைப் பணிகளில் தரத்தையும் விலையையும் சேர்த்து எடைபோடும் முறை பரவலானது. தரத்துக்கு 80, விலைக்கு 20 என்ற எடை என்று வைத்துக்கொள்வோம். உங்கள் விலை 100, தரத்துக்கான தொழில்நுட்ப மதிப்பெண் 80. அவர் விலை 120, மதிப்பெண் 88. குறைந்த விலைக்கு முழு மதிப்பெண். மற்றவருக்கு விகிதப்படி 83.33. உங்களுக்குக் கிடைப்பது 64 கூட்டல் 20, ஆக 84. அவருக்கு 70.4 கூட்டல் 16.67, ஆக 87.07.

இனி இதைத் திருப்பிப் பார்க்கலாம். விலையால் மட்டும் அவரை வெல்ல, நீங்கள் 100லிருந்து 81க்கு இறங்கியிருக்க வேண்டும். தொழில்நுட்ப மதிப்பெண்ணால் வெல்ல, 80க்குப் பதில் 84 பெற்றிருந்தால் போதும். அந்த நான்கு மதிப்பெண், பெரும்பாலும் நிறுவனத்தின் பழம்பெருமையிலிருந்து வருவதில்லை. முன்மொழியும் முக்கிய நிபுணர்களின் தகுதியிலிருந்தும், பணியை எப்படிச் செய்வோம் என்று விளக்கும் பகுதியிலிருந்துமே வருகிறது. ஆகவே ஓர் அழைப்பைப் பார்த்ததும் முதலில் புரட்ட வேண்டியது மதிப்பீட்டு அளவுகோல் பக்கத்தை. எடை 30க்கு 70 என விலைப் பக்கம் சாய்ந்திருந்தால், தரத்தை நம்பிப் பிழைக்கும் நிறுவனம் அங்கே நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை. மறுகோடியில், அமெரிக்கக் கூட்டரசு 1972இன் புரூக்ஸ் சட்டப்படி கட்டிடக்கலை, பொறியியல் நிறுவனங்களைத் தகுதி அடிப்படையில் வரிசைப்படுத்திவிட்டு, அதன் பின்னரே முதலிடத்தவருடன் விலை பேசுகிறது.

கட்டிடக்கலைஞர் ஒருவர்: கடந்த மூன்றாண்டில் இவ்வளவு டர்ன்ஓவர் (ஆண்டு வருவாய்) இருக்க வேண்டும் என்ற நிபந்தனையே எங்களைத் தடுத்துவிடுகிறது.

பெரிய நிறுவனத்துடன் கூட்டாகவோ அதன் துணை ஒப்பந்ததாரராகவோ நுழைவதே நடைமுறை வழி. துணை ஒப்பந்தமாக இருந்தால், செய்த பணியை உங்கள் பெயரில் சான்றாகக் காட்டும் உரிமையை எழுத்தில் பெறுங்கள். பலர் இதைக் கேட்க மறந்து, ஐந்தாண்டு உழைத்தும் சான்று இல்லாமல் நிற்கிறார்கள். நிபந்தனை வரம்பு மீறியதா என்றும் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, சிறப்புக் காரணம் காட்டினாலொழிய, கேட்கும் ஆண்டு டர்ன்ஓவர் ஒப்பந்த மதிப்பின் இரு மடங்கைத் தாண்டக் கூடாது. மிகையாகத் தோன்றினால், விளக்கம் கேட்கும் காலக்கெடுவுக்குள் மரியாதையாக ஒரு கேள்வி எழுப்புங்கள். நிபந்தனை தளர்த்தப்படுவது அரிதல்ல.

சட்ட நிறுவனப் பங்குதாரர் ஒருவர்: டெண்டர் அறிவிப்புகளைத் திரட்டித் தரும் கட்டணச் சேவைகள் தேவைதானா?

மூலத் தளங்களில் பெரும்பாலானவை இலவசமானவை. ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் கொள்முதல் தளத்தில் அடிப்படைப் பதிவுக்கும் கட்டணமில்லை. ஓர் ஊழியர் வாரத்துக்கு அரை நாள் ஒதுக்கினால் ஐந்தாறு தளங்களைக் கவனித்துவிடலாம். பல நாடுகளில் போட்டியிடுவோருக்கு மட்டுமே கட்டணச் சேவை பயன்படும்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்: ஒப்பந்தத்தை ‘முடித்துத் தருவதாக’ ஒருவர் சதவீதம் கேட்கிறார். சேர்த்துக்கொள்ளலாமா?

கூடாது. முறைகேட்டில் ஈடுபட்டதாக உலக வங்கி, வளர்ச்சி வங்கிகள் ஆகியவற்றின் தடைப்பட்டியலில் பெயர் ஏறினால் ஒரு திட்டத்தை மட்டும் இழக்க மாட்டீர்கள். ஐந்து பெரிய வளர்ச்சி வங்கிகள் 2010இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஒன்று விதிக்கும் தடையை மற்றவையும் நடைமுறைப்படுத்தலாம்.

மீண்டும் அந்தப் பொறியியல் ஆலோசகர்: ஆண்டுக்கு முப்பது முன்மொழிவுகள் எழுதுகிறோம், இரண்டு கிடைக்கின்றன. எண்ணிக்கையைக் கூட்டலாமா?

குறையுங்கள். 22 பேர் கொண்ட நிறுவனத்தில் முப்பது முன்மொழிவுகள் என்றால், உங்கள் சிறந்த பொறியாளர்கள் வாடிக்கையாளரின் வேலையைவிட முன்மொழிவு எழுதுவதில்தான் தேய்கிறார்கள். அறிவிப்பு வருவதற்கு முன் அந்தப் பணியைப் பற்றி நமக்குத் தெரியுமா, வாங்குபவரில் ஒருவரேனும் நம் வேலையைப் பார்த்திருக்கிறாரா, கேட்கும் தகுதியுள்ள நிபுணர் நம்மிடம் இன்று இருக்கிறாரா என்று மூன்றே கேள்விகள் கேளுங்கள். இரண்டுக்கு ‘இல்லை’ என்றால் அன்றே விட்டுவிடுங்கள். அந்த முடிவை எடுக்கும் அதிகாரம் முன்மொழிவு எழுதாத ஒருவரிடம் இருக்கட்டும், எழுதுபவருக்கு விட மனம் வராது.

எழுதித் தோற்றவற்றுக்குக் காரணம் கேட்டுப் பெறுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில், எழுத்துமூலம் கேட்டால் 15 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி; தனியார் நிறுவனங்களும் பணிவுடன் கேட்டால் பெரும்பாலும் சொல்கின்றன. சென்ற ஆண்டு தோற்ற 28 முன்மொழிவுகளில் எத்தனைக்கு நீங்கள் காரணம் கேட்டீர்கள் என்பதை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். மீதியை அதிலிருந்து தொடர்வோம்.