குடிக்கவே மாட்டேன், ஆனா ஸ்கேன்ல கிரேடு 2 ஃபேட்டி லிவர்னு வந்திருக்கு. என்ன பண்றது டாக்டர்?

கேள்வி: வயசு 43, திருப்பூர்ல ஆபீஸ் வேலை. உயரம் 168 செ.மீ., எடை 74 கிலோ, இடுப்பு 38 இஞ்ச். மாஸ்டர் செக்கப் ஸ்கேன்ல கிரேடு 2 ஃபேட்டி லிவர். எஸ்ஜிஓடி 41, எஸ்ஜிபிடி 68, பிளேட்லெட் 2.3 லட்சம், மூணு மாச சுகர் 6.1. நான் குடிச்சதே இல்ல, வீட்ல நம்ப மாட்டேங்குறாங்க. கொலஸ்ட்ராலுக்குக் குடுத்த அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைய லிவருக்கு ஆகாதுன்னு நானே நிறுத்திட்டேன். லிவர் டானிக் எடுக்கலாமா?

பதில்: முதல்ல வீட்டு சண்டைய முடிச்சிடுவோம். எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி ரெண்டும் லிவர் செல் அடிபட்டா ரத்தத்துல ஏறுற என்சைம். குடியால லிவர் கெடும்போது பெரும்பாலும் எஸ்ஜிஓடி தான் எஸ்ஜிபிடிய விட ஏறி நிக்கும், பல பேருக்கு ரெண்டு மடங்கு கூட இருக்கும். உங்களுக்கு அது தலைகீழா இருக்கு. இத மட்டும் வச்சு நூறு சதவீதம் தீர்ப்பு சொல்ல முடியாதுதான், ஆனா 38 இஞ்ச் இடுப்பு, சுகர் பார்டர்ல, கொலஸ்ட்ரால் வேற, இது எல்லாம் சேர்ந்தா குடிக்காமலே கொழுப்பு படியும், ஓபில தினமும் பாக்குறோம். நம்ம ஊர் ஆம்பளைங்களுக்கு இடுப்பு 90 செ.மீ. தாண்டினாலே ரிஸ்க்னு கணக்கு, பொம்பளைங்களுக்கு 80.

அடுத்து அந்த கிரேடு 2. எல்லாரும் இத பாத்துதான் ராத்திரி தூங்காம கூகுள் பண்றாங்க. கிரேடுங்கிறது ஸ்கேன்ல லிவர் எவ்வளவு வெள்ளையா தெரியுதுன்றது, அதாவது கொழுப்பு எவ்வளவுன்னு குத்துமதிப்பா சொல்றது, அவ்வளவுதான். லிவர்ல தழும்பு விழுந்திருக்கான்னு அது சொல்லாது, ஆனா பின்னாடி யாருக்கு சிரோசிஸ் (லிவர் இறுகிச் சுருங்கிப் போறது) வரும்னு தீர்மானிக்கிறது அந்தத் தழும்புதான், ஃபைப்ரோசிஸ்னு சொல்வோம். கிரேடு 1னு நிம்மதியா போனவருக்கு தழும்பு இருக்கலாம், கிரேடு 3 ஆளுக்கு ஒண்ணுமே இல்லாம இருக்கலாம். எஸ்ஜிபிடி நார்மலா இருக்குன்னும் ஏமாந்துடக் கூடாது.

தழும்ப கணிக்க ஃபிப்-4னு ஒரு கணக்கு இருக்கு, தனியா காசு செலவே இல்ல, உங்க ரிப்போர்ட்லயே எல்லாம் இருக்கு. வயச எஸ்ஜிஓடியால பெருக்கணும், அத பிளேட்லெட்டால வகுக்கணும் (2.3 லட்சத்த 230னு போடணும்), திரும்ப எஸ்ஜிபிடியோட வர்க்கமூலத்தால வகுக்கணும். உங்களுக்கு போட்டுப் பாத்தேன், 0.93 வருது. 1.3க்கு கீழ இருந்தா பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி. 1.3 தாண்டினா ஃபைப்ரோஸ்கேன் (லிவர் எவ்வளவு இறுகியிருக்குன்னு அளக்குற ஸ்கேன்) எடுக்கச் சொல்வோம், 2.67க்கு மேலன்னா நேரா லிவர் ஸ்பெஷலிஸ்ட்தான். 65 வயசு தாண்டினவங்களுக்கு கீழ் அளவு 2.0, 35க்கு கீழ இருக்கவங்களுக்கு இந்தக் கணக்கு சரியா வராது. உங்களுக்கு இப்ப ஃபைப்ரோஸ்கேன் தேவையில்ல, ஊசி போட்டு லிவர்ல துளி சதை எடுக்குற பயாப்சி பேச்சே வேண்டாம். ஹெபடைடிஸ் பி, சி ரெண்டும் ஒருதடவ பாத்துடுங்க, தைராய்டும். ஸ்டீராய்டு, மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட், வலிப்புக்கு வால்ப்ரோவேட் மாதிரி ஏதாவது எடுத்துட்டு இருந்தா உங்க டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க.

இப்ப அந்த மாத்திரை. நிறுத்தினது தப்பு. ஃபேட்டி லிவர் இருக்கவங்க உயிருக்கு லிவர விட முதல்ல ஆபத்து ஹார்ட்லதான் வருது. எஸ்ஜிபிடி நார்மலோட மூணு மடங்குக்கு கீழ இருக்க வரைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் மாதிரி ஸ்டாட்டின் மாத்திரைங்கள தாராளமா எடுக்கலாம், உங்க 68 அதுக்கு ரொம்பக் கீழ. குடுத்த டாக்டர்கிட்ட பேசி திரும்ப ஆரம்பிங்க.

லிவர் டானிக்குக்கு அழுற காசுல நல்ல வாக்கிங் ஷூ வாங்குங்க. பித்தப்பைக் கல்லுக்கு குடுக்குற உர்சோ மாத்திரைய இதுக்கும் எழுதுறாங்க, கொழுப்பு குறையுறதுக்கு அதுல பிரயோஜனம் இல்ல. நாட்டு மருந்துன்னு யாரோ குடுக்குற பொடியும் வேண்டாம், கோவிட் சமயத்துல சீந்தில் சாப்பிட்டு லிவர் பாதிச்சவங்கள பத்தி மும்பை டாக்டர்களே எழுதியிருக்காங்க.

உண்மையான மருந்து எடை குறையுறதுதான். 74ல ஒரு மூணு நாலு கிலோ குறைஞ்சாலே கொழுப்பு இறங்க ஆரம்பிக்கும், அஞ்சு ஏழு கிலோ குறைஞ்சா லிவர் வீக்கமும் அடங்கும். வாரத்துக்கு அரை கிலோ, அதிகபட்சம் ஒரு கிலோ, அதுக்கு மேல பட்டினி கிடந்து வேகமா குறைச்சா லிவருக்கே சிரமம். எண்ணெயப் பாத்து பயப்படுறவங்க சர்க்கரைய மறந்துடுறாங்க. ஆபீஸ்ல நாலு டீ, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்பூன், கூட பேக்கரி பிஸ்கட், சாயங்காலம் ஜூஸ், ராத்திரி பத்து மணிக்கு பரோட்டா, இதுல முதல்ல கை வைங்க. சாதத்த பாதியாக்கி பொரியல், சுண்டல், முட்டை, மீன் கூட்டிக்கோங்க. சிறுதானியம்னு சொல்லி தட்டு நிறைய சாப்பிட்டா அதுவும் மாவுதான். ஃபில்டர் காபி சர்க்கரை இல்லாம ரெண்டு கப் குடிக்கலாம், லிவருக்கு நல்லதுதான். வாரம் 150 நிமிஷம் வேகமா நடங்க, எடை உடனே குறையலன்னாலும் விடாதீங்க, நடையே தனியா கொழுப்ப குறைக்கும். மதுவ இனியும் தொட வேண்டாம்.

ஆறு மாசம் கழிச்சு எடை, இடுப்பு, சுகர், எஸ்ஜிபிடி பாருங்க, மாசாமாசம் ஸ்கேன் எடுத்து காச கரைக்காதீங்க. சுகர் பார்டர்ல இருக்கதால ஃபிப்-4ஐ ஒரு வருஷம் ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவ திரும்ப போடணும். நடுவுல கண் மஞ்சளானா, காலோ வயிறோ வீங்கினா, மலம் தார் மாதிரி கருப்பா போனா அந்த டேட்டுக்கு காத்திருக்காம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க.