சிங்கப்பூரிலிருந்து நாலு நாள் லீவில் போய்வர, எரிமலையும் கடலும் சேர்ந்த கிராமம் ஏதாவது உண்டா? வயதான அம்மாவும் வருகிறார்.

உண்டு. பாலியின் கிழக்குக் கரையிலுள்ள அமெட். சாங்கியிலிருந்து டென்பசாருக்கு இரண்டரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், அங்கிருந்து காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். சுற்றுலாக் கூட்டம் மொய்க்கும் கூத்தா கடற்கரையிலேயே தங்கிவிட்டு பாலி பார்த்தாச்சு என்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

ஊருக்குப் பின்னால் அகுங் எரிமலை, 3,000 மீட்டருக்கு மேல். கரையில் கறுப்பு மணலும் கூழாங்கல்லும்; எல்லாம் எரிமலை தந்தவை. கடலைத் தூர்த்து உண்டாக்கிய நம் ஈஸ்ட் கோஸ்ட்டில் நடந்து பழகிய கால் இங்கே தாங்காது. உச்சி வெயிலில் அந்த மணல் தோசைக்கல்தான்.

மழையில்லாத மாதங்களில் போனால் உப்பெடுப்பதைப் பார்க்கலாம். கடல்நீரை மண்மேல் தெளித்துக் காயவிடுகிறார்கள். உப்பேறிய மண்ணைக் கூம்பு வடிகட்டியில் கொட்டி மறுபடி கடல்நீர் ஊற்றினால், அடியில் கெட்டியான உப்புநீர் சொட்டும். நெடுக்காகப் பிளந்து குடைந்த தென்னை மரத்தில் அதை ஊற்றி வெயிலில் வைத்தால் உப்பு பூக்கிறது.

பக்கத்து ஊர் துலாம்பென். 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கிய லிபர்ட்டி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல் அங்கே கரைதட்டிக் கிடந்தது. 1963இல் அகுங் வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, அந்த அதிர்வில் கப்பல் கடலுக்குள் சரிந்தது. மேல்பகுதி ஆழமில்லாத இடத்தில் இருப்பதால் ஸ்நோர்க்கல் மாட்டி மிதந்தாலே தெரியும். முக்குளிப்பவர்களின் காற்று சிலிண்டர்களை உள்ளூர்ப் பெண்கள் சும்மாடு வைத்துத் தலையில் சுமந்து, உருண்டைக் கற்கள்மேல் சர்வசாதாரணமாக நடக்கிறார்கள். நாம் வெறுங்கையோடு தடுமாறுவோம்.

அதனால் அம்மாவுக்கு முட்டி வலி இருந்தால் துலாம்பென் கரையில் இறக்காதீர்கள். சாயங்காலம் அமெட்டின் ஜெமெலுக் மேட்டில் காரை நிறுத்துங்கள்; வளைகுடா, ஜுக்குங் படகுகள், மலைக்குப் பின்னால் இறங்கும் சூரியன் என்று மொத்தமும் நின்ற இடத்திலேயே கிடைக்கும். சைவம் என்றால் சம்பலை விசாரித்துச் சாப்பிடச் சொல்லுங்கள். அதில் சேரும் தெராசி என்பது நம் பிளாச்சான்தான், அதாவது இறால் விழுது. சோயாவில் செய்யும் டெம்பேயை நம்பலாம்.

2017 நவம்பரில் அகுங்கின் சாம்பலால் டென்பசார் விமான நிலையத்தையே மூடினார்கள். எனவே டிக்கெட் போடுமுன் மலையின் எச்சரிக்கை நிலையைப் பாருங்கள்; மொத்தம் 4 படி, 1 என்றால் வழக்கமான நிலை. பயணக் காப்பீட்டில் எரிமலைச் சாம்பலும் அடங்குமா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.