வாசகர் கேள்வி பதில்: படிக்காத மேதையா இளையராஜா?

தலவாக்கலை வாசகர்: இளையராஜா முறைப்படி எதுவும் கற்காமலே முதல் படத்திலேயே உச்சிக்குப் போனவர் என்று எங்கள் தோட்டத்து லயத்து அண்ணன் ஒருவர் அடித்துச் சொல்கிறார். நிஜமா?

1976இல் வந்த ‘அன்னக்கிளி’ முதல் படம், பாட்டெல்லாம் பட்டிதொட்டி வரை போனது, அதுவரைக்கும் அண்ணன் சொன்னது சரி. ‘கற்காமலே’ என்பதுதான் தப்பு. பண்ணைப்புரத்திலிருந்து சின்ன வயதிலேயே அண்ணன் பாவலர் வரதராஜன் குழுவோடு கிளம்பியவர் அவர். பாவலர் கம்யூனிஸ்ட் கட்சி மேடைப் பாடகர், அதனால் ஊர் ஊராகக் கூட்டம்தான். நம் தோட்டத்து மே தினத்தில் பேச்சுக்கு முன்னால் பாட்டுப் பாடி ஆள் சேர்ப்பார்களே, அந்த மாதிரி. ஜனம் எந்த இடத்தில் கை தட்டும், எந்த இடத்தில் எழுந்து போகும் என்பதை அங்கேதான் கற்றிருப்பார் என்பது என் கணக்கு. அறுபதுகளின் கடைசியில் சென்னைக்கு வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் உட்கார்ந்து மேற்கத்திய இசை படித்தார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கமும் வாங்கினார். இசையமைப்பாளர் சலில் சௌத்ரிக்குக் கிட்டார் வாசித்தது, இன்னொரு இசையமைப்பாளர் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராகக் கன்னடப் படங்களுக்கு உழைத்தது எல்லாமும் முதல் படத்துக்கு முன்னால்தான். ‘அன்னக்கிளி’ வரும்போது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. உங்கள் அண்ணன், தேயிலைக் கன்று நட்ட மறுவாரமே கொழுந்து கேட்கிற தோட்டத் துரை மாதிரி பேசுகிறார்!

பண்டாரவளை வாசகி: இளையராஜா என்பது சொந்தப் பெயரா?

இல்லை. பிறந்தபோது வைத்த பெயர் ஞானதேசிகன், ஊரார் கூப்பிட்டது ராசையா. ‘ராஜா’ என்று கூப்பிட்டது தன்ராஜ் மாஸ்டர். ஏற்கெனவே பாடகரும் இசையமைப்பாளருமான ஏ.எம். ராஜா இருந்ததால் முன்னால் ‘இளைய’ சேர்த்தவர் தயாரிப்பாளர் பஞ்சு அருணாசலம்.

ஹட்டன் வாசகர்: அப்பா எம்.எஸ்.வி. கட்சி, நான் ராஜா கட்சி. தினமும் தகராறு. யார் பெரியவர்?

அப்பா இலங்கை வானொலியில் ‘பொங்கும் பூம்புனல்’ கேட்டு வளர்ந்தவராக இருப்பார், அவரை மாற்ற முடியாது, விட்டுவிடுங்கள். 1986இல் வந்த ‘மெல்லத் திறந்தது கதவு’ படத்துக்கு இருவரும் சேர்ந்தே இசையமைத்தார்கள். எம்.எஸ்.வி. மெட்டுப் போட, ராஜா அதற்கு வாத்திய இசை எழுதினார். உங்கள் கட்சித் தலைவரே அந்தப் பக்கம் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கும்போது நீங்கள் எதற்கு அப்பாவோடு மல்லுக்கு நிற்கிறீர்கள்?

நுவரெலியா வாசகி: சிம்பொனி என்கிறார்களே, நமக்கெல்லாம் அது புரியுமா?

2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்த ‘வேலியண்ட்’ சிம்பொனியைத்தானே கேட்கிறீர்கள்? அப்போது ராஜாவுக்கு 81 வயது. அவர் படங்களின் பின்னணி இசையை வசனத்துக்கு நடுவில் கவனிக்கிற பழக்கம் உங்களுக்கு இருந்தால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது. சிம்பொனி என்பது பெரிய வாத்தியக் குழு வாசிக்கிற நீண்ட இசை, சினிமாப் பாட்டு இல்லை; பல்லவி எப்போது வரும் என்று காத்திருந்தால்தான் சலிப்பு வரும். இன்னொன்று, தகரக் கூரையில் மழை அடிக்காத நாளாகப் பார்த்துக் கேளுங்கள், இல்லாவிட்டால் வயலின் மெல்லப் போகிற இடமெல்லாம் காதுக்கே வராது.